முரண்டு பிடிக்கும் கியர்: பழைய சிறு காரில் கோளாறு எங்கே?

கியர் மாற்றுவதில் ஒரு காருக்கு வரக்கூடிய நோய்க்குறிகள் அதிகமில்லை. கியர் விழ மறுக்கும்; விழும்போது பற்கள் கடிபடும்; விழுந்த பின்னும் வண்டி இழுக்காமல் எஞ்சின் மட்டும் அலறும்; புறப்படும்போது வண்டி உதறும்; போட்ட கியர் தானாக வெளியே வந்துவிடும். இந்த ஐந்துக்கும் பின்னால் இருக்கும் காரணங்களோ ஏராளம். ஒரு திருகைத் திருப்பினால் சரியாகிவிடும் தளர்ந்த கேபிளும், கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தால்தான் தீரும் தேய்மானமும் ஓட்டுபவரின் கைக்கும் காலுக்கும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால் கோளாறுக்கு அவசரப்பட்டுப் பெயர் வைப்பதைவிட, அது எப்போது தலைகாட்டுகிறது என்று கவனிப்பதுதான் முதல் வேலை. எஞ்சின் ஓடும்போது மட்டுமா, நின்றிருக்கும்போதுமா? காலையில் குளிர்ந்த நிலையிலா, ஓடிச் சூடேறிய பிறகா? எல்லாக் கியர்களிலுமா, ஒன்றில் மட்டுமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

சிங்கப்பூரில் இந்தக் கேள்விகளுக்குக் கூடுதல் கனம் உண்டு. 1990 மே மாதம் வாகன ஒதுக்கீட்டு முறை தொடங்கியதிலிருந்து, கார் வாங்குபவர் வண்டிக்கு மட்டுமல்ல, அதை 10 ஆண்டுகள் சாலையில் வைத்திருக்கும் உரிமைக்கும் பணம் கட்டுகிறார். சிஓஇ எனப்படும் அந்தச் சான்றிதழின் விலை சிறு கார்களுக்கான ஏ பிரிவில் 2008 நவம்பரில் 2 வெள்ளிக்கு விழுந்தது. 2023 அக்டோபரில் 106,000 வெள்ளிக்கு ஏறியது. விலை ஏறும் காலங்களில் புதிய கார் எட்டாக்கனியாகிறது. உரிமையாளர்கள் சான்றிதழை இன்னும் 5 அல்லது 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டு பழைய வண்டியையே ஓட்டுகிறார்கள். 12, 13 வயதான சுசுகி ஸ்விஃப்ட், ஹோண்டா ஃபிட், டொயோட்டா வியோஸ், கியா பிக்காண்டோ போன்ற வண்டிகள் ஊபியிலும் காக்கி புக்கிட்டிலும் விற்பனைக்கு நிற்பது இப்படித்தான். வண்டியின் வெளிப்பூச்சும் இருக்கை உறையும் எளிதில் புதுப்பிக்கப்படும். கியர்பாக்ஸின் வயது அப்படி மறையாது, ஆனால் பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே அது தெரியும்.

கட்டாய வாகனச் சோதனை இதில் அதிகம் உதவாது. கார் 3 வயதிலிருந்து 10 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், 10 வயதைத் தாண்டிய பின் ஆண்டுதோறும் விகோம், எஸ்டிஏ, ஜேஐசி ஆகியவற்றின் சோதனை நிலையங்களில் ஒன்றுக்குப் போயாக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர், புகை என்று சாலைப் பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் சார்ந்தவைதான் அங்கே பார்க்கப்படுகின்றன. கிளட்ச்சில் இன்னும் எத்தனை மாத ஆயுள் மிச்சம் என்று அளந்து சொல்வது அந்தச் சோதனையின் நோக்கமல்ல. சோதனையில் தேறிய காரின் கிளட்ச் மறு வாரமே கைவிடலாம்.

பெடல் இல்லையென்றால் கிளட்ச் இல்லை என்று அர்த்தமா?

சோதிக்கத் தொடங்குமுன் வண்டியில் இருப்பது எந்த வகை கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரின் சிறு கார்களில் பெரும்பாலானவை தானியங்கி வகை. மேனுவல் வண்டி ஓட்ட 3ஆம் வகுப்பு உரிமம் வேண்டும். 3ஏ உரிமம் தானியங்கி வண்டிக்கு மட்டுமே செல்லும். மேனுவல் கியர் இன்று மிச்சமிருப்பது சில பழைய ஹேட்ச்பேக்குகளிலும், விளையாட்டு வகைக் கார்களிலும், சரக்கு வேன்களிலும்தான். காலையில் தேக்கா சந்தைக்குக் காய்கறி இறக்க வரும் வேன்களில் மேனுவல் இன்னும் சகஜம்.

ஆனால் தானியங்கி என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் அடக்கம்: டார்க் கன்வெர்டர் வைத்த பழைய பாணி ஆட்டோ, பட்டையும் இரண்டு புல்லிகளும் கொண்ட சிவிடி, இரட்டைக் கிளட்ச் பெட்டி, மேனுவல் பெட்டியின் மேல் மோட்டார் பொருத்திய ஏஎம்டி. இந்த நான்கிலும் ஏதாவது ஒரு வடிவில் கிளட்ச் உண்டு. ஒன்றில் இயல்பான அதிர்வு இன்னொன்றில் நோய்க்குறி. ஆகவே விளம்பரத்தில் 'ஆட்டோ' என்று போட்டிருப்பதோடு நின்றுவிடாமல், மாடலையும் தயாரிப்பு ஆண்டையும் வைத்து வகையை உறுதி செய்துகொள்வது அவசியம்.

மேனுவல்: பிரியாத கிளட்ச்

மேனுவல் காரில் எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் நெரிபட்டு நிற்கிறது. அந்தப் பிடியால்தான் எஞ்சினின் திறன் கியர்பாக்ஸுக்குள் போகிறது. பெடலை மிதித்தால் கேபிளோ ஹைட்ராலிக் எண்ணெயோ ஒரு நெம்புகோலைத் தள்ளும்; அது ரிலீஸ் பேரிங்கை அழுத்தும்; பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் விலகி, கிளட்ச் பிளேட் விடுபடும். இந்த வரிசையில் இரண்டே விதமான தோல்விதான் சாத்தியம். மிதித்தும் பிளேட் முழுதாக விடுபடாமல் போவது ஒன்று. காலை எடுத்தும் பிளேட் முழுதாகப் பிடிக்காமல் போவது மற்றொன்று. கிளட்ச் கோளாறு எதுவானாலும் முதலில் இந்த இரண்டில் எதன் பக்கம் என்று பிரித்துவிட வேண்டும்.

முதல் வகைக்கான சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து, முதல் கியரிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டு, வண்டி நின்ற இடத்திலேயே அதே வரிசையைத் திரும்பச் செய்ய வேண்டும். அணைத்தபோது வழுக்கிக்கொண்டு விழுந்த கியர்கள் எஞ்சின் ஓடும்போது முரண்டு பிடித்தால், கிளட்ச் பிரியவில்லை. இரண்டு நிலையிலும் முரண்டு பிடித்தால் கிளட்ச்சின் மேல் குற்றமில்லை; கியர் ராடிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிள், அதன் புஷ்கள், அல்லது பெட்டிக்குள் இருக்கும் செலக்டர் பக்கம் பார்க்க வேண்டும்.

ரிவர்ஸ் கியர் இன்னும் நுட்பமாகக் காட்டிக்கொடுக்கும். பல சிறு கார்களில் ரிவர்ஸுக்கு, சுழலும் பாகங்களின் வேகத்தைச் சமன் செய்யும் சிங்க்ரோ வளையம் கிடையாது. எஞ்சின் ஓடும்போது கிளட்ச்சை முழுக்க மிதித்து, நான்கைந்து வினாடி பொறுத்து, பிறகு ரிவர்ஸ் போட வேண்டும். அந்த இடைவெளியில் கியர்பாக்ஸின் உள்தண்டு சுழற்சி அடங்கி நின்றிருக்கும். அப்படியும் கரகரவென்று கடித்தால், மிதித்த பின்னும் எஞ்சின் அந்தத் தண்டை இழுத்துக்கொண்டே இருக்கிறது என்று பொருள்.

அடுத்துக் காரணம். கேபிள் வகையானால், இழுபட்டு நீண்ட கேபிள்தான் முதல் சந்தேகம். பெடலின் மேல்பகுதியில் சிறிது வெற்று அசைவு இருப்பது இயல்பு. அளவு மாடலுக்கு மாடல் மாறும். அது மிக அதிகமாகி, பெடல் தரையைத் தொடும் இடத்தில்தான் கிளட்ச் பிரிகிறது என்றால், சரிசெய்யும் திருகைத் திருப்பியே தீர்த்துவிடலாம். கேபிளின் இழைகள் அறுந்து பிரிந்திருந்தால் கேபிளை மாற்ற வேண்டும். அதற்குக் கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை.

ஹைட்ராலிக் வகையில் பெடலை வேகமாக மூன்று நான்கு முறை மிதித்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் கைவழக்கம். அப்படி மிதித்த பின் கியர் எளிதாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறது. எண்ணெய்க் கிண்ணம் பெரும்பாலும் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் பொதுவாகவே இருக்கும். எண்ணெய் மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. பெடலுக்கு மேலே, கால் வைக்கும் பகுதியில் ஈரம் தெரிந்தால் மாஸ்டர் சிலிண்டர்; கியர்பாக்ஸின் பக்கத்தில் தெரிந்தால் ஸ்லேவ் சிலிண்டர். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டு முழுதும் ஈரப்பதம் குறையாத சிங்கப்பூரில், கறுத்துப்போன எண்ணெய் பல ஆண்டுகளாக மாற்றப்படவில்லை என்பதற்குச் சாட்சி.

மேனுவல்: பிடிக்காத கிளட்ச்

கிளட்ச் நழுவத் தொடங்கும்போது ஓட்டுநருக்கு முதலில் தெரிவது ஆர்பிஎம் முள்ளில்தான். நான்காவது அல்லது ஐந்தாவது கியரில், மிதமான வேகத்தில், ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினால் எஞ்சின் சுற்றும் வண்டியின் வேகமும் சேர்ந்தே ஏற வேண்டும். முள் மட்டும் எகிறி, வண்டி பின்தங்கினால் பிளேட் நழுவுகிறது. தாழ்ந்த கியரைவிட உயர்ந்த கியரில், சமதளத்தைவிட மேட்டில், தனியாகப் போவதைவிட நான்கு பேர் ஏறியிருக்கும்போது இது சீக்கிரம் வெளிப்படும். கருகிய வாடையும் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

நிறுத்திய இடத்திலேயே செய்யும் சோதனையும் உண்டு. வண்டிக்கு முன்னால் யாரும் இல்லாத, சமதளமான இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இறுக்கிப் போட்டு, மூன்றாவது கியரில் வைத்து, சற்றே ஆக்ஸிலேட்டர் கொடுத்தபடி கிளட்ச்சை மெல்ல விட வேண்டும். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி உடனே அணைந்துவிடும். கிளட்ச்சை முழுக்க விட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் தேய்ந்துவிட்டது. இதை ஒருமுறை செய்தால் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே கிளட்ச்சை எரித்துவிடும்.

பெடல் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதும் ஓர் அளவுகோல். பிளேட் தேயத் தேய, பல வண்டிகளில் பிடிக்கும் இடம் மேலே ஏறிக்கொண்டே போகும். காலை ஏறக்குறைய முழுதும் எடுத்த பிறகுதான் வண்டி நகர்கிறது என்றால் ஆயுள் முடியும் தறுவாயில் இருக்கிறது. ஆனால் தானே இறுக்கம் சரிசெய்துகொள்ளும் அமைப்புள்ள கார்களிலும் ஹைட்ராலிக் வகையிலும் இந்த மாற்றம் அவ்வளவாகத் தெரியாது. அங்கே மேலே சொன்ன உயர்ந்த கியர் சோதனையைத்தான் நம்ப வேண்டும்.

நழுவலுக்குத் தேய்மானம் மட்டுமே காரணமல்ல. கேபிளை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தால் பெடலைத் தொடாதபோதும் கிளட்ச் அரைகுறையாகப் பிரிந்தே நிற்கும். எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ கசிந்து பிளேட்டில் எண்ணெய் படிந்தாலும் நழுவும். இப்படிப்பட்ட வண்டியில் சீலை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றினால் புதிய பிளேட்டும் கெடும். கியர்பாக்ஸை இறக்குவதற்கான கூலிதான் இந்த வேலையில் பெரும் பங்கு என்பதால், பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒரே தொகுதியாகவும், கூடவே சீலையும் மாற்றிவிடுவது நல்ல பட்டறைகளின் வழக்கம்.

சத்தம் சொல்லும் இடம்

காது கொடுத்துக் கேட்டால் பேரிங் கோளாறுகளைக் கிட்டத்தட்ட துல்லியமாகப் பிரித்துவிடலாம். எஞ்சின் ஓட, கியர் நியூட்ரலில் இருக்க, பெடலிலிருந்து காலை எடுத்திருக்கும்போது உறுமல் கேட்டு, மிதித்தவுடன் அது அடங்கினால் கியர்பாக்ஸின் உள்தண்டு பேரிங் போயிருக்கிறது. மிதித்ததும் அந்தத் தண்டு நின்றுவிடுவதால்தான் சத்தமும் நிற்கிறது. நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் கிறீச்சிட்டால் ரிலீஸ் பேரிங். கால் வைத்ததுமே சத்தம் மாறுகிறதா, முழுக்க மிதித்த பிறகா என்பதையும் குறித்துக்கொண்டால் பட்டறையில் விளக்குவது எளிது. ஓடும்போது ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் முனகல் என்றால் அந்தக் கியரின் பற்களிலோ அதன் பேரிங்கிலோ குறை. எல்லாக் கியர்களிலும் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து முனகல் ஏறினால் கடைசிக் கட்ட கியர் தொகுதியையோ சக்கர பேரிங்கையோ சந்தேகிக்கலாம்.

புறப்படும்போது வண்டி உதறுவது பிளேட்டில் எண்ணெய் படிந்ததாலும், ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு விழுந்ததாலும் நேரும். ஆனால் பெட்டியை இறக்கத் துணியுமுன் எஞ்சின் மவுண்டுகளைப் பார்த்தாக வேண்டும். எஞ்சினைத் தாங்கும் இந்த ரப்பர்கள் வெப்பத்தில் வெடித்துக் கிழியும். பானட்டைத் திறந்து வைத்து, ஒருவர் பிரேக்கை மிதித்தபடி கிளட்ச்சை லேசாகப் பிடிக்கவிட, மற்றவர் பக்கவாட்டில் நின்று பார்த்தால், கிழிந்த மவுண்ட் உள்ள எஞ்சின் ஒரு பக்கமாகத் தூக்கி எழும். மவுண்டை மாற்றினாலே உதறல் போய்விட்ட கார்கள் உண்டு.

பெட்டிக்குள் நடப்பது

கிளட்ச் ஒழுங்காகப் பிரிகிறது, பிடிக்கிறது என்று உறுதியான பிறகுதான் கியர்பாக்ஸின் மீது பழி போட வேண்டும். கியரைப் போடும்போது வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்கள் ஒன்று சேர வேண்டியிருக்கிறது. ஓடும் பேருந்தில் ஏறுபவர் கூடவே சற்று ஓடி, வேகத்தைச் சமன் செய்துகொண்டு படியில் கால் வைப்பது போல, சிங்க்ரோ வளையம் உராய்ந்து இரண்டின் வேகத்தையும் ஒன்றாக்கிவிட்டுப் பிறகே பற்களைச் சேரவிடுகிறது. 1928இல் கேடிலாக் கார்களில் வந்த இந்த ஏற்பாடு இன்று எல்லா மேனுவல் கார்களிலும் இருக்கிறது. அதிகம் உழைப்பது இரண்டாவது கியரின் வளையம்தான். நகரத்தில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவது ஓயாமல் நடக்கும். மற்றக் கியர்கள் நன்றாக விழ, இரண்டு மட்டும் கடித்தால் அதன் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

இதை உறுதி செய்யப் பழைய லாரி ஓட்டுநர்களின் முறை உதவும். கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, காலை எடுத்து, ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் தட்டி, மறுபடி மிதித்துத் தாழ்ந்த கியரைப் போட வேண்டும். இப்படிப் போட்டால் கடிக்காமல் விழுகிறது, வழக்கமாகப் போட்டால் கடிக்கிறது என்றால் சிங்க்ரோதான் காரணம். காலையில் மட்டும் சற்றுக் கடினமாக இருந்து சூடேறியதும் சரியாகிவிட்டால், கியர் ஆயில் பழையதாகவோ தவறான தரத்திலோ இருக்கலாம். முதலில் ஆயிலை மாற்றிப் பார்ப்பதே குறைந்த செலவில் கிடைக்கும் விடை.

போட்ட கியர் தானாக வெளியே வருவது தேய்ந்த பற்களாலும் செலக்டர் ஃபோர்க்காலும் நேரும். மவுண்ட் கிழிந்திருந்தாலும் நேரும். ஆக்ஸிலேட்டரை விடும்போது மட்டும் கியர் ராடு முன்னும் பின்னும் ஆடிக் கியர் விடுபட்டால் மவுண்டை முதலில் பார்க்க வேண்டும்.

தானியங்கிகளின் குணங்கள்

டார்க் கன்வெர்டர் வகையில் நிறுத்திய நிலையில் செய்யும் முதல் சோதனை காத்திருப்பு. பிரேக்கை மிதித்தபடி என்-இலிருந்து டி-க்கும், மறுபடி ஆர்-க்கும் மாற்றினால் ஏறத்தாழ ஒரு வினாடிக்குள் வண்டி மெல்லிய இழுப்புக் காட்ட வேண்டும். இரண்டு மூன்று வினாடி தயங்கிப் பின் 'தொம்' என்று பிடித்தால் உள்ளே அழுத்தம் குறைகிறது அல்லது கிளட்ச் அடுக்குகள் தேய்ந்திருக்கின்றன. ஓடும்போது ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறும் தறுவாயில் எஞ்சின் திடீரென்று எகிறுவதும் அதே நோயின் குறிதான். நிதானமான வேகத்தில், கரடான சாலையில் போவது போல் நடுக்கம் வந்து, பிரேக்கைச் சற்றுத் தொட்டதும் அது மறைந்தால், டார்க் கன்வெர்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச்சைச் சந்தேகிக்கலாம். அளவுகோல் உள்ள வண்டிகளில் எண்ணெயைத் தொட்டுப் பார்க்கலாம்: பெரும்பாலான வண்டிகளில் சிவப்பாக, தெளிவாக இருப்பது நல்லது, காப்பி நிறமும் கருகிய வாடையும் கெட்டதற்கு அடையாளம்.

சிவிடியில் கியர் மாறுவதே இல்லை. 1958இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர் பட்டையை வைத்துக் காட்டிய தத்துவத்தை இன்றைய கார்கள் எஃகுப் பட்டையால் நிறைவேற்றுகின்றன. வேகம் எடுக்கும்போது எஞ்சின் ஒரே சுருதியில் ஒலிப்பது இதில் இயல்பு. புதிதாக ஓட்டுபவர்கள் அதை நழுவல் என்று தவறாக எடுத்துக்கொள்வதுண்டு. வேகத்தோடு ஏறும் கூர்மையான முனகல், ஏற்றத்தில் திடீரென்று வேகம் குறைந்து எச்சரிக்கை விளக்கு எரிவது, நிதானமாகப் புறப்படும்போது உதறல் ஆகியவைதான் கவலைக்குரியவை. முதல் தலைமுறை ஹோண்டா ஃபிட்டின் சிவிடியில் டார்க் கன்வெர்டருக்குப் பதில் ஸ்டார்ட் கிளட்ச் இருந்தது. புறப்படும்போது உதறுவது அந்த வண்டியின் பேர்பெற்ற குறை. நிறுவனம் சொன்ன எண்ணெயை ஊற்றி, அந்தக் கிளட்ச்சை மறுபடி பழக்கியதும் பல கார்களில் உதறல் தணிந்தது. சிவிடிக்கு அதற்கென்றே உள்ள எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பட்டைக்கும் புல்லிக்கும் இடையிலான பிடிப்பே கெட்டுப்போகும்.

இரட்டைக் கிளட்ச் பெட்டி உலர்ந்த வகையானால் ஊர்ந்து செல்லும் போக்குவரத்துதான் அதன் எதிரி. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் தனது 7-ஸ்பீடு டிஎஸ்ஜி பெட்டி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகெங்கும் திரும்ப அழைத்து, செயற்கை எண்ணெய்க்குப் பதில் கனிம எண்ணெய் ஊற்றியது. வெப்பமும் ஈரமும் நின்று நின்று ஓடும் போக்குவரத்தும் சேர்ந்த ஊர்களில் அந்தச் செயற்கை எண்ணெயால் பெட்டியின் மின்னிணைப்பில் கோளாறு நேரக்கூடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். ஹோண்டாவுக்கும் அதே காலத்தில் சோதனை வந்தது. 2013 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த ஃபிட் ஹைபிரிட் கார் பலமுறை திரும்ப அழைக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் மட்டும் வெசல் ஹைபிரிட்டையும் சேர்த்து 81,000க்கு மேற்பட்டவை இரட்டைக் கிளட்ச் பெட்டியின் மென்பொருளுக்காக அழைக்கப்பட்டன. இத்தகைய காரைப் பழையதாக வாங்குபவர் சேசிஸ் எண்ணை வைத்து அந்தத் திருத்தங்கள் முடிந்தனவா என்று கேட்டறிந்துகொள்வது முக்கியம். இந்தப் பெட்டிகளில் முதல் கியருக்கும் இரண்டுக்கும் இடையே உதறல், டி-யில் போட்ட பின் நகரத் தயங்குவது, ரிவர்ஸ் திடீரென்று காணாமல் போவது ஆகியவை எச்சரிக்கை மணிகள்.

ஏஎம்டி வகை இந்தியச் சாலைகளில் 2014இல் வந்த மாருதி செலெரியோவால் பிரபலமானது. சிங்கப்பூரில் விற்கப்பட்ட புரோட்டான் சாவியிலும் அந்த வகை உண்டு. கியர் மாறும்போது ஒரு கணம் இழுப்பு நின்று தலை முன்னால் சாய்வது இதன் பிறவிக்குணம், நோயல்ல. உள்ளே இருப்பது மேனுவல் கிளட்ச்தான் என்பதால், மேலே சொன்ன நழுவல் குறிகள் அனைத்தும் இதற்கும் பொருந்தும். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலேட்டரால் வண்டியைத் தாங்கி நிறுத்துவது இதன் கிளட்ச்சை விரைவில் எரித்துவிடும்.

லிட்டில் இந்தியாவில் ஓர் ஓட்டம்

வாங்கப்போகும் காரைச் சோதிக்க லிட்டில் இந்தியாவும் அதன் சுற்றுப்புறமும் தாமாகவே ஒரு பாடத்திட்டம் போல் அமைந்திருக்கின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், பானட்டைத் தொட்டாலே தெரிந்துவிடும். குளிர்நிலைக் குறைகள் மறைக்கப்படுகின்றனவா என்று கேட்க உரிமை உண்டு. நிறுத்திய இடத்திலேயே கியர் வரிசையும் காத்திருப்புச் சோதனையும் முடியட்டும். பிறகு அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் மெதுவாக ரிவர்ஸ் எடுத்தால் உதறல் ஒளிந்திருக்க முடியாது.

செலிகி சாலையிலிருந்து சோஃபியா சாலையில் திரும்பி மவுண்ட் எமிலி பக்கம் ஏறினால், நகரின் நடுவிலேயே நல்ல ஏற்றம் கிடைக்கிறது. அங்கே ஒருமுறை நின்று, புறப்பட்டு, உயர்ந்த கியரில் இழுக்கவிட்டால் நழுவல் இருந்தால் தெரிந்துவிடும். அடுத்து மத்திய விரைவுச்சாலையில் ஏறி, சாலை அனுமதிக்கும் வேகத்தில் சீராகப் போனால் லாக்-அப் நடுக்கமும் சிவிடி முனகலும் பேரிங் சத்தமும் தனித்தனியாகக் காதில் விழும். எல்லாம் நன்றாகச் சூடேறிய பிறகு சிராங்கூன் சாலைக்குத் திரும்பி, விளக்குக்கு விளக்கு நின்று ஊர வேண்டும். மாலையிலும் தீபாவளி ஒளியூட்டுக் காலத்திலும் இந்தச் சாலையில் வண்டிகள் நகர்வதே அபூர்வம். உலர் கிளட்ச் பெட்டிகளும் தேய்ந்த சிவிடிகளும் தங்கள் சுயரூபத்தைக் காட்டுவது இந்தச் சூட்டில்தான். குளிரில் ஒழுங்காக இருந்து சூட்டில் தடுமாறும் பெட்டி, குளிரில் மட்டும் சற்று முரண்டு பிடிக்கும் பெட்டியைவிட ஆபத்தானது.

பட்டறையின் பங்கு

கையாலும் காதாலும் அறிந்ததை அடுத்துக் கருவியால் உறுதி செய்யலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி இணைப்பில் ஸ்கேனரைச் செருகினால் கணினி பதிந்து வைத்த பிழைக்குறிகள் வரும். பி0700 என்றால் கியர்பாக்ஸ் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது. பி0730 என்றால் கியர் விகிதம் எதிர்பார்த்தபடி இல்லை. பி0741 லாக்-அப் கிளட்ச்சைச் சுட்டும். குறி எதுவும் இல்லை என்பது நற்சான்று அல்ல. விற்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றினாலோ ஸ்கேனரால் துடைத்தாலோ பதிவுகள் போய்விடும். ஆனால் அப்படித் துடைத்த காரில் எஞ்சினின் தற்சோதனைப் பட்டியல் 'முடியவில்லை' என்று காட்டும். அண்மையில் அழிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதுவே துப்பு.

வாங்குமுன் பணம் கட்டிக் காரைப் பரிசோதிக்கும் சேவையை விகோம், எஸ்டிஏ, சிங்கப்பூர் வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஎஸ் ஆகியவை வழங்குகின்றன. சின் மிங், காக்கி புக்கிட் வட்டாரப் பட்டறைகளில் கியர்பாக்ஸ் வேலையில் மட்டுமே கவனம் செலுத்துபவர்களும் உண்டு. அங்கே கேட்க வேண்டிய கேள்வி 'என்ன மாற்ற வேண்டும்?' என்பதைவிட 'எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்?' என்பதுதான். எண்ணெய் மாற்றம், கேபிள், மவுண்ட், சிலிண்டர், மென்பொருள் புதுப்பிப்பு ஆகிய குறைந்த செலவு வழிகள் பார்க்கப்பட்டனவா என்று தெரிந்துகொண்ட பிறகே பெட்டியை இறக்கச் சம்மதிக்கலாம்.

மாதக் கணக்கும் சட்டமும்

கோளாறு உறுதியான பின் எழுவது செலவுக் கேள்வி. சிங்கப்பூரில் அதற்கு ஒரு நேரான கணக்கு உண்டு: பழுதுபார்க்கும் செலவை, சிஓஇயில் மிச்சமிருக்கும் மாதங்களால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 1,800 வெள்ளிச் செலவு 36 மாதம் மிச்சமுள்ள காருக்கு மாதம் 50 வெள்ளிதான். 6 மாதமே மிச்சமுள்ள காருக்கு அது மாதம் 300 வெள்ளி. 10 ஆண்டு முடியுமுன் பதிவை ரத்து செய்யும் காருக்கு, பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பார்ஃப் கழிவுத் தொகை கிடைக்கக்கூடும். புதுப்பித்த காருக்கு அது கிடையாது. 10 ஆண்டைத் தாண்டிய காருக்குச் சாலை வரி ஆண்டுக்கு 10 விழுக்காடு வீதம் கூடி, 50 விழுக்காடு வரை உயரும். 5 ஆண்டுக்குப் புதுப்பித்த சான்றிதழை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதால், அந்தக் காரின் கடைசி ஆண்டில் புதிய கியர்பாக்ஸ் போடுவது பெரும்பாலும் வீண்.

விற்பவர் வணிகர் என்றால் வாங்குபவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள 'லெமன்' விதிகள் பழைய கார்களுக்கும் பொருந்தும். கார் கைக்கு வந்த 6 மாதத்துக்குள் வெளிப்படும் குறை, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிறுவுவது விற்றவர் பொறுப்பு. பழுது நீக்குதல், மாற்றித் தருதல், விலைக் குறைப்பு, பணத்தைத் திருப்பித் தருதல் ஆகியவை கிடைக்கக்கூடிய பரிகாரங்கள். ஆனால் வயதுக்கேற்ற தேய்மானம் குறையாகாது. கிளட்ச் பிளேட் தேயும் பொருள் என்பதால் விற்பவர் இந்த வாதத்தைத்தான் முதலில் எடுப்பார். விற்கும்போதே சொல்லப்பட்ட குறைக்கும் பின்னால் உரிமை கோர முடியாது. தனியாரிடம் நேரடியாக வாங்கிய காருக்கு இந்த விதிகள் செல்லா.

சச்சரவு எழுந்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அங்கும் முடியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் விசாரிக்கும். இரு தரப்பும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால் வரம்பு 30,000 வெள்ளி. அங்கே எடுபடுவது ஆவணங்கள்: வாங்கிய நாளில் எழுதிய பரிசோதனை அறிக்கை, ஸ்கேனர் அச்சு, எண்ணெய் மாற்றிய ரசீதுகள், கோளாறு முதலில் தெரிந்த தேதி. இவற்றோடு, எந்தக் கியரில், எந்தச் சூட்டில், எந்த வேகத்தில் நேர்ந்தது என்று எழுதி வைத்த குறிப்பும் இருந்தால், பட்டறையிலும் மன்றத்திலும் அதே தாள் பயன்படும்.